ஊத வேண்டிய எஞ்சின் உறிஞ்சியது: காக்கி புக்கிட் பட்டறை ஒன்றின் மதிப்பீடு

மதிப்பெண்ணைப் போட்டுவிட்டே தொடங்குகிறேன். கோளாற்றைக் கண்டுபிடிக்கும் திறமைக்குப் பத்துக்குப் பத்து. வேலைச் சுத்தத்துக்கு ஒன்பது. விலைக்கு எட்டு. வாடிக்கையாளரை உட்கார வைக்கும் விதத்துக்கு இரண்டு, அந்த இரண்டும் மின்விசிறிக்காக.

பட்டறையின் பெயரை எழுதவில்லை. தவுக்கே (பட்டறை முதலாளி) கேட்டுக்கொண்டார். இருக்கிற வண்டிகளை நிறுத்தவே இடமில்லை, புதிதாக யாரையும் அனுப்பாதீர்கள் என்று சிரிக்காமல் சொன்னார். சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் வண்டியோடு மேல்மாடி வரை ஏறிச் செல்லும் தொழிற்கூடக் கட்டடங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றுள் ஒன்று. வாசலில் எப்போதும் பழைய பிரிட்டிஷ் வண்டி ஒன்றாவது வாய் திறந்து நிற்கும். அந்த மாடியில் யாரைக் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள். தேடிப் போகிறவர் போய்க்கொள்ளட்டும்.

நான் செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்ப்பு வேலையில் டீசல் எஞ்சின்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். மெக்கானிக் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. அந்தக் குணத்துக்காகவே என் மனைவியின் தம்பி என்னை அழைத்துப் போனார். வண்டி அவருடையது. 1984ஆம் ஆண்டு ரேஞ்ச் ரோவர், நான்கு கதவு, இரட்டைக் கார்புரேட்டர், 3.5 லிட்டர் வி8. பழமையான வாகனங்களுக்கான நிலப் போக்குவரத்து ஆணையத்தின் திட்டத்தின்கீழ் வைத்திருக்கிறார். 35 ஆண்டும் அதற்கு மேலும் ஆன வண்டிகளுக்கு உரிய திட்டம் அது. சாலையில் ஓட்ட ஆண்டுக்கு 45 நாள்தான் அனுமதி. எனவே மற்றவர்கள்போல் "ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்ற மெக்கானிக் வசனத்தை அவரால் ஏற்க முடியாது. ஓட்டிப் பார்க்கும் ஒவ்வொரு நாளும் அந்த 45இல் இருந்து கழிகிறது.

கோளாறு இரண்டு. ஒன்று, எண்ணெய் குடிக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். தரையில் அந்த அளவுக்குச் சொட்டு இல்லை, குளிர்நீரிலும் எண்ணெய் இல்லை. எரிகிறது என்பது நிச்சயம். நீண்ட சிவப்பு விளக்கில் நின்று கிளம்பும்போது பின்னால் நீலப் புகை எழும். பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்தில் ஏறி, இறக்கத்தில் காலை எடுத்தாலும் எழும். மற்றொன்று தட்டல். சமதளத்தில் சத்தமே இல்லை. சவுத் புவன விஸ்தா சாலையின் வளைவுகளில் ஏறும்போதும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவிலும், மேல் கியரில் மிதித்தால் தகர டப்பாவில் பயறு போட்டுக் குலுக்கிய சத்தம். 98 ஆக்டேன் பெட்ரோல் (தானாக வெடிக்காமல் கூடுதலாகத் தாங்கும் ரகம்) போட்டால் கொஞ்சம் அடங்கும், முற்றாகப் போகாது.

முதலில் காட்டிய பட்டறை வேறு. அதுவும் பெயர் வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டார்கள், பானெட்டைத் திறந்தார்கள், இரண்டு பேர் குனிந்து கேட்டார்கள், மூன்றாமவர் புகைபோக்கியின் பின்னால் போய்க் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். தீர்ப்பு வந்தது: பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் வளையம்) தேய்ந்துவிட்டது, பிக் எண்ட் பேரிங்கும் (பிஸ்டன் தண்டின் அடிமுனைத் தாங்கி) தட்டுகிறது, முழு எஞ்சினையும் இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும், 11,000 வெள்ளி. எண்ணெய் குடிக்கிறது என்றால் ரிங், தட்டுகிறது என்றால் பேரிங். இரண்டையும் கூட்டினால் ஓவர்ஹால். எந்தக் கருவியையும் எடுக்காமல் போட்ட கணக்கு அது. என் மைத்துனர் முன்பணம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார். "அத்தான், பழைய வண்டி, எப்படியும் ஒரு நாள் செய்ய வேண்டியதுதானே" என்றார். ஒரு நாள் செய்ய வேண்டியதை இன்று தேவையில்லாமல் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

பேரிங் தட்டுவது கனத்த சத்தம். சுமை இல்லாமல் நின்ற இடத்தில் முடுக்கினாலும் ஏதோ ஒரு வேகத்தில் அது தன்னைக் காட்டிக்கொள்ளும். எண்ணெய் அழுத்தமும் சூட்டில் இறங்கும். இங்கே அழுத்தம் சரியாக இருந்தது. சத்தம் மெல்லிய உலோகச் சத்தம், சுமையில் மட்டும். இது பேரிங் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் எது என்பதைக் கண்டறியக் கருவியும் இந்த எஞ்சினைத் திறந்து பழகிய கையும் வேண்டும். அப்படித்தான் காக்கி புக்கிட் போனோம்.

தவுக்கே எழுபதை நெருங்கும் சீனர். வேலை பார்ப்பவர் மலேசியாவின் ஜோகூர் பாருவில் குடியிருக்கும் தமிழர். தினமும் விடியுமுன் மோட்டார்சைக்கிளில் கடற்பாலம் தாண்டி வருகிறார். நாற்பது வயது இருக்கும். முதலில் அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். எண்ணெய் எது (20டபிள்யூ-50), எவ்வளவு ஊற்றினீர்கள், பெட்ரோல் எது, தட்டல் எந்த கியரில், ஏற்றமா சமதளமா, எஞ்சின் சூடாகவா குளிராகவா, புகை எந்த நேரத்தில், கடைசியாக மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் பிரித்தனுப்பும் பாகம்) யாராவது கழற்றினார்களா. கடைசிக் கேள்விக்கு மைத்துனர் விழித்தார். முந்தைய உரிமையாளர் காலத்தில் தண்ணீர்க் கசிவுக்காக யாரோ கழற்றியிருந்த பில் ஒன்று வண்டிக் கோப்பில் கிடந்தது. மெக்கானிக் அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தார்.

அடுத்து அவர் செய்ததுதான் என்னைக் கவர்ந்தது. சோதனை ஓட்டத்துக்குச் சாலையில் இறங்கவில்லை. கட்டடத்தின் ஏறுபாதையே அவருக்குச் சோதனைக்கூடம். என்னை அருகில் உட்கார வைத்து, கீழ்மாடியிலிருந்து மேலே, வேண்டுமென்றே ஒரு கியர் அதிகமாகப் போட்டு மிதித்தார். தட்டியது, சுவர்கள் அதை இரட்டிப்பாக்கித் திருப்பித் தந்தன. மேலே நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, தீப்பொறி சற்றுத் தாமதமாக விழும்படி ஒரு மயிரிழை திருப்பி இறுக்கினார். மறுபடியும் கீழே போய் அதே கியர், அதே மிதி. சத்தம் இல்லை. "பேரிங்குக்கு டைமிங் தெரியாது ஐயா" என்றார். அவ்வளவுதான் விளக்கம். பொறியைப் பின்தள்ளியதும் நிற்கிற தட்டல், பெட்ரோல், காற்றுக் கலவை தானாக வெடிக்கும் தட்டல். இரும்பு இரும்போடு மோதுவது இல்லை. 11,000 வெள்ளித் தீர்ப்பின் பாதி அந்தச் சரிவிலேயே விழுந்தது. காவலாளி மட்டும் எங்களை முறைத்தார். தவுக்கே மேலிருந்து கையசைத்துச் சமாதானப்படுத்தினார். பிறகு டைமிங் விளக்கை வைத்துப் பழைய குறிக்கே கொண்டுவந்துவிட்டார். டைமிங்கைப் பின்தள்ளி வைத்து "சரியாகிவிட்டது" என்று பணம் வாங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது நோயை விட்டுவிட்டு இருமலை மட்டும் அடக்குகிற வைத்தியம். இழுவை குறையும், எஞ்சின் சூடேறும், எண்ணெயும் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஸ்பார்க் பிளக்குகள் எட்டையும் கழற்றி, அட்டைத் துண்டில் துளை போட்டு, எண் எழுதி நிறுத்தினார். இந்த எஞ்சினில் இடப்பக்க வரிசை 1, 3, 5, 7. வலப்பக்கம் 2, 4, 6, 8. ஆறு பிளக்குகள் இளம்பழுப்பாக ஒழுங்காக இருந்தன. 5, 7 மட்டும் ஈரக் கறுப்பு. அதிலும் பார்க்க வேண்டியது ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: பீங்கானின் ஒரு பக்கத்தில் மட்டும் சாம்பல் கட்டியிருந்தது, மறுபக்கம் ஓரளவு சுத்தம். ரிங் வழியாக எண்ணெய் வந்தால் பெரும்பாலும் சுற்றிலும் படியும். ஒரு பக்கமாகப் படிந்தால் அது உள்ளிழுக்கும் வால்வின் பக்கமிருந்து வந்திருக்கலாம். இதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றும் அவரே சேர்த்துக்கொண்டார். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) எட்டிலும் 150க்கும் 160 பிஎஸ்ஐக்கும் இடையே. காற்றழுத்திக் கசிவு பார்க்கும் சோதனையிலும் 5, 7 மற்றவற்றைவிட மோசமில்லை. அந்த இரண்டு சிலிண்டரும் ஆரோக்கியமாக இருந்துகொண்டே எண்ணெய் குடிக்கின்றன.

பிறகு எல்லா மெக்கானிக்கும் செய்யும் சோதனை. எஞ்சின் ஓடும்போது மேனிஃபோல்டின் விளிம்பெங்கும் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சினார். கசிவு இருந்தால் அந்த ஆவியை எஞ்சின் இழுத்துக்கொண்டு ஐட்லிங் (மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) மாறும். மாறவில்லை. பல பட்டறைகள் இங்கேயே நின்றுவிடும். கேஸ்கட் (இரு பாகங்களுக்கு நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) நன்றாக இருக்கிறது, ஆகவே ரிங் என்பார்கள். இவர் நிற்கவில்லை. "வெளியே கசிந்தால் இது காட்டும். இந்த எஞ்சினில் உள்ளேயும் கசியலாம்" என்றார்.

இதைப் புரிந்துகொள்ள எஞ்சினின் அமைப்பைச் சொல்ல வேண்டும். வி வடிவத்தில் நான்கு நான்காகச் சாய்ந்து நிற்கும் சிலிண்டர்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டும் டாப்பெட்டுகளும் அதில்தான் இயங்குகின்றன. எண்ணெய் மூட்டம் நிறைந்த இடம். இந்தப் பள்ளத்தாக்கின் கூரையாக இன்டேக் (உள்ளிழுக்கும்) மேனிஃபோல்டே உட்கார்ந்திருக்கிறது. நடுவே ஒரே ஒரு பெரிய தகரக் கேஸ்கட், இரண்டு ஹெட்டுகளையும் (சிலிண்டர் வரிசைகளின் தலைமூடிகள்) தழுவி, பள்ளத்தாக்கையும் மூடி. அந்தத் தகரத்தின் மேல்விளிம்பு விட்டால் வெளிக்காற்று நுழையும். ஐட்லிங் குதிக்கும், பீய்ச்சினால் தெரியும். கீழ்விளிம்பு விட்டால் பள்ளத்தாக்கின் எண்ணெய் மூட்டம் நேராக இன்டேக் துளைக்குள் போகும். வெளியே ஒரு துளி தெரியாது.

1961 முதல் 1963 வரை ஜெனரல் மோட்டார்ஸ் செய்த அலுமினிய வி8 இது. அவர்கள் கைவிட்ட பிறகு 1965இல் ரோவர் உரிமம் வாங்கி, 1967இல் தன் காரில் போட்டு, 1970இல் ரேஞ்ச் ரோவருக்கும் கொடுத்தது. பிளாக், ஹெட், மேனிஃபோல்டு எல்லாம் அலுமினியம், நடுவே எஃகுத் தகரம். சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. தொண்ணூறுகளின் அமெரிக்க டாட்ஜ் மேக்னம் வி8களிலும் இதற்கு அண்ணன் தம்பியான கோளாறு பேர்போனது: அலுமினிய மேனிஃபோல்டின் அடியில் எஃகுத் தட்டு, நடுவே கேஸ்கட், அது விட்டதும் எண்ணெயும் தட்டலும் ஒன்றாக வரும். பள்ளத்தாக்குக்குத் தனி மூடி இருக்கும் எஞ்சின்களில் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் வீட்டு நான்கு சிலிண்டர் ஜப்பானிய வண்டியிலும் இல்லை. அதில் இன்டேக் கேஸ்கட் விட்டால் வெளிக்காற்று மட்டுமே போகும், தட்டல் வரலாம், ஐட்லிங் ஏறும், ஆனால் அந்தக் கேஸ்கட் எண்ணெய் குடிக்கவைக்காது. எனவே இதைப் படித்துவிட்டுக் கொரோலாவை எடுத்துக்கொண்டு காக்கி புக்கிட் போக வேண்டாம்.

இனி அந்தச் சோதனை. ராக்கர் மூடிகளிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மூச்சுக்குழாய்களைக் கழற்றி, இரண்டு பக்கமும் அடைத்தார். பின்புறக் காற்று வடிகட்டியின் வாயையும் அடைத்தார். இப்போது எஞ்சினின் வயிற்றுக்கு வெளியுலகத்தோடு தொடர்பில்லை. எண்ணெய் ஊற்றும் வாயில் ஒரு நீலக் கையுறையை மாட்டி, ரப்பர் வளையம் போட்டு எஞ்சினை ஓடவிட்டார்.

எந்த எஞ்சினிலும் பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கசியும். போக வழி இல்லையென்றால் அது கையுறையை ஊதி நிமிர்த்த வேண்டும். ரிங் தேய்ந்த எஞ்சினில் விருட்டென்று நிமிரும். நானே கப்பலில் கிராங்க்கேஸ் (எஞ்சினின் வயிறு) மூச்சுக்குழாயில் அந்தப் புகையைப் பார்த்துக் காலம் கழித்தவன். இங்கே ஐந்து விரல்களும் முதலில் லேசாக நடுங்கின. பிறகு கட்டைவிரல் உள்ளே திரும்பியது. அதன்பின் ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் போய், மணிக்கட்டுப் பகுதி வாயில் இறுகி ஒட்டிக்கொண்டது. மைத்துனர் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஊத வேண்டிய எஞ்சின் உறிஞ்சுகிறது. மூச்சுக்குழாய் எல்லாம் அடைத்த பிறகும் கிராங்க்கேஸில் வெற்றிடம் உண்டாகிறது என்றால், அதை உண்டாக்கக்கூடியது இன்டேக் மட்டுமே. அது உள்ளிருந்து இழுக்கிறது. எங்கோ ஒரு கதவு திறந்திருக்கிறது.

கையுறையோடு விட்டிருந்தாலும் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். அவர் அளக்கவும் செய்தார். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ஆங்கில யூ வடிவத்தில் ஒரு பலகையில் கட்டி, ஓர் அளவுகோலையும் ஒட்டி வைத்திருக்கிறார். அதற்குள் இருந்த நீர் இளஞ்சிவப்பு. கீழே கோப்பிக்கடையில் பண்டோங் கலக்கும் ரோஜாச் சிரப்பை நாலு சொட்டு வாங்கி ஊற்றுவாராம், கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதற்காக. அதை டிப்ஸ்டிக் (எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி) குழாயில் மாட்டினார். எஞ்சின் பக்கத்துக் காலில் நீர் ஏறியது, மறுகாலில் இறங்கியது. இரண்டுக்கும் இடையே நான்கு அங்குலத்துக்கும் மேல். முடுக்கியதும் வித்தியாசம் சுருங்கியது, விட்டதும் மறுபடி விரிந்தது. சட்டென்று எஞ்சினை நிறுத்திவிட்டார். மூச்சை அடைத்து நெடுநேரம் ஓட்டினால் கிராங்க்ஷாஃப்ட் சீல்கள் பாழாகும் என்றார். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

வால்வு சீல் (வால்வுத் தண்டைச் சுற்றிய அடைப்பு) வழியாகவும் எண்ணெய் இறங்கலாமே என்று கேட்டேன். சிவப்பு விளக்கில் நின்று கிளம்பும்போது வரும் புகைக்கு அதுதான் வழக்கமான காரணம். "இறங்கும் ஐயா. ஆனால் அந்த மெல்லிய இடைவெளிகள் சேர்ந்தாலும் இந்தத் தண்ணீரை இவ்வளவு தூரம் இழுக்காது. அதோடு இரண்டு சிலிண்டரில் மட்டும் ஏன்?" என்றார். இன்னொன்றும் கேட்டேன், என்னை உறுத்திக்கொண்டிருந்தது அதுதான். மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகமாக இருப்பது ஐட்லிங்கிலும் இறக்கத்திலும். எண்ணெய் அப்போதுதான் இழுக்கப்படும். தட்டுவதோ ஏற்றத்தில், வெற்றிடமே இல்லாதபோது. இரண்டும் எப்படிப் பொருந்தும்?

இதற்கு அவர் தந்த விடைக்காகவே பத்துக்குப் பத்து. நின்ற நேரத்தில் இழுத்த எண்ணெய் துளையின் தரையிலும் வால்வின் முதுகிலும் தங்குகிறது. மிதித்ததும் வேகமாகப் போகும் காற்று அதை அள்ளிக்கொண்டு போகிறது. எஞ்சின் ஆயிலுக்கு ஆக்டேன் மிகக் குறைவு. கலவையின் தரத்தையே கீழே இழுத்துவிடும். 98 போட்டாலும் அந்தச் சிலிண்டருக்குள் போவது 98 இல்லை. எரிந்து மிஞ்சிய கரி பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் படிந்து இடத்தைச் சுருக்குகிறது, அதனால் அழுத்தம் ஏறுகிறது. கரி சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மூன்றும் சேர்ந்து, பொறியின் தீ வந்து சேருமுன் மூலையில் மிஞ்சிய கலவை தானாக வெடிக்கிறது. ஆகவே கேஸ்கட்டை மாற்றிய மறுநாளே தட்டல் நின்றுவிடாது, கரி எரிந்து தீர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். வாக்குறுதி கொடுக்கும்போதே அதன் எல்லையையும் சொல்கிற மெக்கானிக்கை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்திலிருந்து பாகம் வரும்வரை காத்திருந்து, திறக்கும் நாளில் நானும் போனேன். குளிர்நீரை வடித்து, கார்புரேட்டர்களை இறக்கி, மேனிஃபோல்டைத் தூக்கினார். எவ்வளவு வடித்தாலும் தூக்கும்போது கொஞ்சம் தண்ணீர் பள்ளத்தாக்குக்குள் விழும். அதனால் வேலை முடிந்ததும் எஞ்சின் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் அனுப்பும் பட்டறையிடம் எச்சரிக்கையாக இருங்கள். தகரம் வெளியே வந்தது. 5, 7 துளைகளின் கீழ்விளிம்பில் தகரத்தின் மேட்டுக்கோடு நசுங்கவே இல்லை. பட்டையாக எண்ணெய் ஓடிய தடம் பளபளத்தது. அதன் மேல் யாரோ சிவப்பு சிலிக்கோனை விரலால் தாராளமாகப் பூசியிருந்தார்கள். அது சுருண்டு, நூலாக உரிந்து, ஒரு துண்டு துளைக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து போல்ட்டைக் கழற்றும்போது முறுக்கே இல்லாமல் கழன்றது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். பழைய தகரத்தையே சிலிக்கோன் போட்டுத் திரும்ப வைத்து, ஒரு பக்கத்திலிருந்து இறுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பில்லில் "கேஸ்கட் புதியது" என்று எழுதியிருந்தது.

இவர் இறுக்கிய விதம் வேறு. அலுமினியம் என்பதால் பிளாஸ்டிக் சுரண்டியால்தான் பரப்பைச் சுத்தம் செய்தார். துளைகளைத் துணியால் அடைத்தார். நேர்சட்டத்தை வைத்து வளைவு பார்த்தார். தகரத்துக்குப் பதிலாகப் பிற்கால எஞ்சின்களுக்கு வந்த கூட்டுப்பொருள் கேஸ்கட்டைப் போட்டார். சீலன்ட் நான்கு மூலைகளில் மட்டும், கடுகளவு. போல்ட்டுகள் நடுவிலிருந்து வெளிநோக்கி, மாறி மாறி, படிப்படியாக. டார்க் ரெஞ்ச் சொடுக்கும்வரை. எஞ்சின் ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு மீண்டும் சரிபார்த்தார். அதே இளஞ்சிவப்புக் குழாயை மாட்டிக் காட்டினார். இம்முறை நீர் எதிர்த்திசையில் கொஞ்சம் நகர்ந்தது. ஊதுகிறது. நிம்மதி.

அதன்பிறகு மைத்துனர் சிறுகச் சிறுக ஓட்டியதில், தட்டல் முதலில் சரிவுகளில் மட்டும் எஞ்சி, பிறகு அங்கும் இல்லாமல் போனது. இப்போது 95 ஆக்டேனிலேயே ஏறுகிறது. எண்ணெய் முழுவதும் நிற்கவில்லை. நாற்பது வயது வி8 கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். டிப்ஸ்டிக்கில் இரண்டு கோடுகளுக்கு நடுவே மெதுவாக இறங்குகிறது, அவ்வளவுதான்.

விலைக்கு வருகிறேன். கண்டுபிடிப்பதற்குத் தனிக் கட்டணம் 180 வெள்ளி. வேலையை அங்கே கொடுத்தாலும் கழித்துக்கொள்ள மாட்டார்கள். சிலர் இதற்கு முகம் சுளிக்கிறார்கள். நான் இதை ஆதரிக்கிறேன். இலவசமாகப் பார்த்துச் சொல்லும் இடத்தில் அந்தப் பணத்தை வேறொரு வரியில் எடுத்தாக வேண்டும், அந்த வரி பெரும்பாலும் உங்களுக்குத் தேவைப்படாத பாகமாக இருக்கும். கூலி, கேஸ்கட், தண்ணீர்க்குழாய்கள், எண்ணெய், பிளக் எல்லாம் சேர்த்து 1,240 வெள்ளி. மலிவு என்று சொல்ல மாட்டேன், நியாயம் என்பேன். இரண்டு பழைய தண்ணீர்க்குழாய்களைக் கேட்காமலே மாற்றிவிட்டார்கள். மாற்ற வேண்டியவைதாம், ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

குறைகள் இருக்கின்றன. தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள். குறுஞ்செய்திக்குப் பதில் இரவில் வரும், ஒரே சொல்லில். எழுத்தில் விலை கேட்டால் தவுக்கே புண்பட்டதுபோல் பார்க்கிறார், கேளுங்கள், விடாதீர்கள். உட்கார இரண்டு நாற்காலி, ஒன்றில் பூனை. அட்டை செல்லாது, பேநவ் (கைப்பேசிப் பணமாற்றம்) அல்லது ரொக்கம். கழற்றிய பாகங்களைப் படம் எடுத்து அனுப்பும் வழக்கம் இல்லை; நேரில் போனால்தான் பார்க்கலாம், போனால் மறைக்காமல் காட்டுகிறார்கள். ரசீது கையெழுத்தில். "மேனி கேஸ் மாற்று" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு நாளை வண்டியை வாங்க வருபவருக்கு எதை விளக்குவது? மைத்துனர் கேட்டு, பிறகு விவரமாக வாங்கிக்கொண்டார். அவசரக்காரர்களுக்கு இந்த இடம் ஆகாது. தினமும் வேலைக்கு ஓட்டும் ஒரே வண்டி என்றால் வேறு இடம் பாருங்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று. பிளக்குகளை மாற்றிவிட்டுப் போகாதீர்கள், எஞ்சினையும் கழுவிவிட்டுப் போகாதீர்கள். இரண்டும் அவருக்குச் சாட்சிகள். எண்ணெய் ஊற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதிய தாள் இருந்தால் கொண்டுபோங்கள், மிகவும் மகிழ்வார். சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்கள். காலையில் ஏறுபாதையில் சரக்கு வண்டிகள் வரிசை கட்டும், பத்து மணிக்குப் பிறகு போவது நல்லது. ராக்கர் மூடியில் ஒரு சின்னக் கசிவு இன்னும் இருக்கிறது என்று மைத்துனர் கேட்டதற்கு, அடுத்த எண்ணெய் மாற்றும்போது கொண்டுவாருங்கள், இப்போது அதற்காக ஒரு நாளைச் செலவழிக்காதீர்கள் என்று அனுப்பிவைத்தார்.